கை கொடுப்போம், அளவறிந்து கொடுப்போம்!

"கை கொடுத்தார்" என்கிறோம், உதவியைக் குறிக்கிறோம். "கை விட்டார்" என்கிறோம், கொடுமையைக் குறிக்கிறோம். "கை தூக்கி விட்டார்" என்றால் வாழ்வு கிடைத்தது என்று பொருள். "கை விரித்தார்" என்றால் வழி அடைபட்டது என்று பொருள். அறத்தையும் அறமின்மையையும் கையை வைத்தே அளந்து பார்த்த மொழி நம் மொழி. ஆனால், கொடுத்த கை பெற்றவருடைய தோளுக்குப் பொருந்துகிறதா என்னும் கேள்வியை மட்டும் நம்மில் பலர் கேட்பதில்லை.

இதை உவமையாகச் சொல்லவில்லை. உண்மையான கையைப் பற்றியே சொல்கிறோம். சக்கர நாற்காலிக்கு முதுகு உண்டு; கால் வைக்கும் தட்டு உண்டு; கையும் உண்டு. அந்தக் கை இரண்டு அங்குலம் உயர்ந்தால் என்ன, இரண்டு அங்குலம் தாழ்ந்தால் என்ன என்று கேட்போர் இருக்கிறார்கள். இரண்டு அங்குலந்தான்! அந்த இரண்டு அங்குலத்துக்குள் ஒருவருடைய தோளும் கழுத்தும், முதுகும் மூச்சும், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய தன்மானமும் அடங்கிக் கிடக்கின்றன என்று நாம் சொல்கிறோம். மிகைப்படுத்துகிறோமா? பொறுத்துப் பாருங்கள்.

நாம் கேட்க விரும்பும் அறக்கேள்வி இது: உதவியின் அளவை வகுக்க வேண்டியவர் யார்? கொடுப்பவரா, பெறுபவரா?

ஊர்தோறும் நடக்கும் விழாக்களை எண்ணிப் பாருங்கள். மேடை உண்டு, மாலை உண்டு, ஒலிபெருக்கி உண்டு. வரிசையாகச் சக்கர நாற்காலிகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே அகலம், ஒரே உயரம், அசைக்க முடியாத ஒரே கை. ஆறடி உயர்ந்த முதியவருக்கும் அதுதான். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் அதுதான். வலப்பக்கம் வாதத்தால் விழுந்தவருக்கும் அதுதான். இரு கால்களும் செயலற்று, இரு கைகளும் இரும்பாய் இருப்பவருக்கும் அதுதான். பெயரை அழைக்கிறார்கள், நாற்காலியைக் கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அளவெடுத்தவர் உண்டா? இல்லை. "உமக்கு எப்படிப்பட்டது வேண்டும்?" என்று கேட்டவர் உண்டா? அவரும் இல்லை. வைதிகர்கள் நடத்தும் புண்ணிய விழாவைப் பற்றி மட்டும் இதைச் சொல்லவில்லை. தலைவர்களின் பிறந்த நாளில் நம் இயக்கத்தார் நடத்தும் விழாக்களும் இதற்கு விலக்கல்ல.

நமக்கு ஒரு சட்டை தைக்கத் தையற்காரர் எத்தனை இடத்தில் நாடாவை வைக்கிறார்! கழுத்துக்கு ஓர் அளவு. தோளுக்கு ஓர் அளவு. கைக்கு ஓர் அளவு. ஆண்டுக்குச் சில நாள் உடுத்தும் சட்டைக்கு இத்தனை அளவு. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒருவர் வாழப்போகும் நாற்காலிக்கு ஓர் அளவும் இல்லை! இது வறுமையன்று, தோழர்களே. அளவு நாடாவின் விலை சில ரூபாய்தான். இது எண்ணத்தின் வறுமை.

அளவெடுப்பது கடினமா? கைதாங்கியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அன்றாடம் எந்த மெத்தையில் அமர்வாரோ, அந்த மெத்தையின் மீதே அவரை நிமிர்ந்து அமரச் செய்ய வேண்டும். மெத்தையை விட்டுவிட்டு அளந்தால் அதன் கனம் அத்தனையும் பிழையாகிவிடும். தோள்களைத் தூக்காமல் தளரவிட்டு, மேற்கை உடலோடு ஒட்டித் தொங்க, முழங்கையை நேர்கோணமாக மடக்கச் சொல்ல வேண்டும். மெத்தையின் மேற்பரப்பிலிருந்து முழங்கையின் அடிப்பகுதி வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதனோடு ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டினால் அதுவே கைதாங்கியின் உயரம். வலப்பக்கம் அளந்ததோடு நிற்காமல் இடப்பக்கமும் அளக்க வேண்டும். பத்து நிமிட வேலை. பள்ளியில் படிக்கும் பிள்ளை கூடச் செய்யக்கூடிய வேலை.

இதைச் செய்யாவிட்டால் என்ன நேரும்? கைதாங்கி உயர்ந்துவிட்டால் தோள் காதை நோக்கி ஏறும். நாள் முழுதும் ஏறியே இருக்கும். கழுத்தும் தோளும் வலிக்கும். தள்ளும் வளையத்தைப் பிடிக்க அவருடைய கை ஒரு வேலியைத் தாண்டி இறங்க வேண்டியிருக்கும். கைதாங்கி தாழ்ந்துவிட்டாலோ, ஊன்ற இடம் தேடி உடல் முன்னே குனியும், அல்லது ஒருபக்கம் சாயும். குனிந்த நெஞ்சில் மூச்சு குறுகும். சாய்ந்த உடலில் முதுகெலும்பு வளையும். ஒரே பக்கத்தில் எடை அழுந்த, உணர்ச்சி இழந்த இடுப்பில் புண் தோன்றும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அந்தப் புண் வலிக்காது. வலிக்காத காரணத்தாலேயே அது வளரும்; வளர்ந்து உயிரையும் கேட்கும். மேடையில் மாலையோடு வந்த நாற்காலி, வீட்டில் நோயோடு நிற்கும்.

உயரத்தோடு முடிவதில்லை செய்தி. கைதாங்கிகளில் வகை உண்டு. வகையை முடிவு செய்வது வாழ்க்கை. முன்பக்கம் வரை நீண்ட முழுக்கை ஒன்று. எழுந்து நிற்கக் கையூன்ற வேண்டியவருக்கு அது துணை. முன்புறம் குறுகிய அரைக்கை மற்றொன்று; மேசைக்கு அருகே சென்று எழுதவும் உண்ணவும் வேண்டியவருக்கு அதுவே துணை. கழற்றி எடுக்கக் கூடியதும், பின்னால் மடங்கக் கூடியதும் உண்டு. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும் பக்கவாட்டில் நகர்ந்து செல்பவருக்கு அவை இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இருவர் வந்து தூக்க வேண்டும். பக்கவாதத்தால் தளர்ந்த கைக்கு அகன்ற, குழிந்த தாங்கி வேண்டும். இல்லையேல் தொங்கும் கையின் எடையே தோள்மூட்டை நழுவச் செய்யும். கைதாங்கியோடு சேர்ந்த பக்கத்தட்டு, சேலைத் தலைப்பும் வேட்டி நுனியும் சக்கரத்தில் சிக்காமல் காக்கும். வலுவான தோள்கொண்டு தாமே விரைந்து ஓட்டிச் செல்லும் இளைஞருக்கோ கைதாங்கியே வேண்டியதில்லை. அவரிடம், "கை இல்லாத நாற்காலியா? குறையுள்ள நாற்காலி ஆயிற்றே!" என்று சொல்ல நாம் யார்?

ஏற்றி இறக்கத்தக்க கைதாங்கி என்பது இந்த வேற்றுமைகளுக்கு அறிவியல் தந்த விடை. குழாய்க்குள் குழாயாக அது இறங்கி நிற்கும். உள்குழாயில் வரிசையாகத் துளைகள். துளையில் தெறித்து வந்து பூட்டிக்கொள்ளும் ஒரு பொத்தான், அல்லது ஒரு திருகாணி. தக்க துளையில் நிறுத்த வேண்டும். பூட்டு விழுந்த ஓசையைக் கேட்க வேண்டும். அசைத்துப் பார்க்க வேண்டும். இருபுறமும் அவரவர் அளவுக்கு நிற்கிறதா என்று எதிரே நின்று நோக்க வேண்டும். பிறகு அமர்ந்திருப்பவரை வளையத்தைத் தள்ளச் சொல்ல வேண்டும். மேசையருகே செல்லச் சொல்ல வேண்டும். கட்டிலுக்கு மாறச் சொல்ல வேண்டும். அவர் "சரி" என்றால்தான் சரி. சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளையானால் சில மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: படியேற்ற வருவோர் நாற்காலியின் சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டுமே அன்றி, கழற்றத்தக்க கைதாங்கியைப் பிடித்துத் தூக்கலாகாது. அது கழன்று கையோடு வந்துவிடும். விழப்போகிறவர் தூக்கியவர் அல்லர்.

இத்தனை எளிய செயல் ஏன் நடைபெறவில்லை? இங்கேதான் திருகாணியை விட்டுத் தத்துவத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

கால் செயலற்றுப் போனவரைக் கண்டதும் நம் நாடு நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த விடை ஒன்று உண்டு: "முன்வினைப் பயன்." அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை கொடுமை! துன்பப்படுபவரே துன்பத்துக்குக் குற்றவாளி ஆக்கப்படுகிறார். குற்றவாளிக்கு உரிமை ஏது? அவருக்குத் தருவதெல்லாம் இரக்கம். இரக்கத்துக்கு அளவு ஏது? தருபவருக்குப் புண்ணியம் கணக்கில் ஏறினால் போதும். பெற்றவருடைய தோள் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? ஆம், வினைக்கொள்கைக்கு அளவு நாடா தேவையில்லை. பகுத்தறிவுக்குத் தேவை. வினையை நம்புகிறவர் வானத்தைப் பார்க்கிறார். அறிவை நம்புகிறவர் முழங்கையைப் பார்க்கிறார்.

திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் "பொறியின்மை" பற்றிப் பேசுகிறார். பொறி என்பதற்கு விதி என்று உரை கண்டார் பரிமேலழகர். உடலின் உறுப்பு என்று பொருள் கொண்டவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பொருளைக் கொண்டாலும் வள்ளுவர் தரும் தீர்ப்பு ஒன்றுதான்: அது எவருக்கும் பழியன்று. பின் எதுதான் பழி? அறிய வேண்டியதை அறிந்து முயலாமை பழி என்கிறார். இந்த அளவுகோலை நாற்காலி வழங்கும் மேடையில் வைத்துப் பாருங்கள். கால் நடவாமை அமர்ந்திருப்பவருக்குப் பழியன்று. அவருடைய முழங்கை அளவை அறியாமை நின்று கொடுப்பவருக்குப் பழி! யார் தலைகுனிய வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

அதே குறளில் ஒப்புரவறிதல் ஓர் அதிகாரம். ஈகை அடுத்த அதிகாரம். ஒப்புரவு முன்னே நிற்கிறது. ஈகை பின்னே வருகிறது. அதுவும் வெறும் ஒப்புரவு என்று பெயரிடாமல், ஒப்புரவு "அறிதல்" என்று பெயரிட்டார். கொடுத்தல் கைக்குரிய செயல். அறிதல் கருத்துக்குரிய செயல். அறியாமல் கொடுப்பது கொடையாக இருக்கலாம், ஒப்புரவு ஆகாது.

வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக 1933 முதல் 1945 வரை விளங்கிய பிராங்க்ளின் ரூசுவெல்ட்டு, 1921-ஆம் ஆண்டில் முப்பத்தொன்பதாம் வயதில் கால்களின் இயக்கத்தை இழந்தவர். அக்காலத்து நாற்காலிகள் பருத்தவை, அவருக்கு ஒவ்வாதவை. அவர் என்ன செய்தார்? உணவு மேசைக்கு இடும் கையில்லாத சாதாரண நாற்காலி ஒன்றுக்குச் சக்கரம் பூட்டச் செய்தார். கை இல்லாததால் மற்றோர் இருக்கைக்கு எளிதில் நகர்ந்துகொள்ள முடிந்தது. குறுகிய வாயிலிலும் நுழைய முடிந்தது. தம் நாற்காலிக்குக் கை வேண்டுமா, வேண்டாவா என்பதை அவரே முடிவு செய்தார்.

சுரங்கப் பொறியாளரான எர்பர்ட் எவரெசுட்டு 1918-இல் நேர்ந்த விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர். அவரும் அவருடைய நண்பரும் பொறியாளருமான ஆரி சென்னிங்சும் 1930-களில் மடக்கக்கூடிய எஃகுக் குழாய் நாற்காலியை உருவாக்கினர். மகிழுந்தில் மடித்து வைத்து எடுத்துச் செல்லத்தக்க அந்த நாற்காலியின் வழிமுறையே இன்று உலகெங்கும் காணும் மடக்கு நாற்காலிகள். இருவரில் ஒருவர் அதில் அமர வேண்டியவர் என்பதை மறவாதீர்கள். அமர்பவருடைய அறிவு கலந்தபோதுதான் நாற்காலிக்கு நல்ல வடிவம் பிறந்தது.

தொலைவில் தேடுவானேன்? நம் வேலூரில் மருத்துவர் மேரி வர்கீசு வாழ்ந்தார். 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். முடங்கினாரா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர்களின் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் ஒன்று எழவும் காரணமானார். கால் இழந்தவர் பிறருக்குக் கை கொடுத்தார்! அவருக்கு ஒவ்வாத நாற்காலி ஒன்றைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்திருந்தால் எத்தனை கைகள் மடங்கியே கிடந்திருக்கும்!

நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. சிறுநீர் வடியும் குழாயையும் வாளியையும் சுமந்துகொண்டு, தொண்ணூறு கடந்த வயதில், 1973-இல் மறையும் வரை மேடையேறி முழங்கினார் பெரியார். உடலுக்கு ஒரு கருவி துணை நிற்பது இழிவென்று அவர் ஒரு நாளும் எண்ணியதில்லை. கலைஞர் தம் முதுமையில் பல ஆண்டுகள் சக்கர நாற்காலியில் பொதுவாழ்வு நடத்தினார். 2011-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் திருவாரூர்த் தொகுதியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் தம் நாற்காலி வந்து திரும்பத்தக்க இடம் சட்டமன்றத்தில் தமக்கு அமையவில்லை என்று சொல்ல வேண்டியவரானார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பிய நாள்களும் உண்டு. ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவருக்கே இருக்கையின் அளவு ஒரு சிக்கலானது என்றால், குக்கிராமத்துக் குடிசையில் இருப்பவரின் நிலை என்ன? அவருக்காக எந்த அவையில் யார் குரல் எழுப்புவார்கள்?

"இலவசமாகத் தருவதில் இத்தனை பார்வையா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். பார்க்கலாகாது என்று சொன்னவர் யார்? மாட்டைக் கொடுத்தவர்! பெற்றவரைக் கேட்டிருந்தால் பழமொழி வேறாக இருந்திருக்கும். மேலும், இது தானமே அன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பெயரிலேயே உரிமை என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்று உறுதி செய்திருக்கிறது. வரிப்பணத்தில் வாங்கும் நாற்காலி வள்ளலின் கொடையன்று. உரிமைப் பொருளைப் பல் பிடித்தும் பார்க்கலாம். திருகாணியைத் திருகியும் பார்க்கலாம்.

இன்னொரு வாதம் உண்டு. அது இதைப்போல் எளிதில் தள்ளத்தக்கதன்று. "கையிலிருக்கும் பணத்துக்கு அசையாத கைகொண்ட நாற்காலி பத்து வாங்கலாம், ஏற்றி இறக்கும் கைகொண்டது ஏழுதான் வாங்கலாம். மூவரை வெறுங்கையோடு அனுப்புவது அறமா?" என்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்வோம். தொடர்வண்டி நிலையத்திலும் மருத்துவமனை வாயிலிலும் சிறிது நேரம் எவரும் அமரும் நாற்காலிக்கு ஒரே அளவு போதும். நாளெல்லாம் அதிலேயே வாழ்பவருக்குப் போதாது. பத்துப் பேரில் எவருக்கு அசையாத கை பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதை அளந்து பார்த்தால்தானே தெரியும்? சிலருக்கு எளிய நாற்காலியே போதும் என்றும் நாடா சொல்லக்கூடும். அளந்த பிறகும் பணம் போதாவிட்டால், மூவருக்குப் பொருந்தாததைக் கொடுத்து "கொடுத்தாயிற்று" என்று கணக்கை முடிப்பதைவிட, "இன்னும் மூவருக்குக் கொடுக்க வேண்டும்" என்று கணக்கைத் திறந்து வைப்பதே அறம். முடித்த கணக்கை எவரும் மீண்டும் பார்ப்பதில்லை. திறந்த கணக்கு உறங்க விடாது.

உலக நல நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே கூறுகின்றன. நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாக அது வகுத்தது: அனுப்பி வைத்தல், மதிப்பிடுதல், பரிந்துரைத்தல், பணமும் பொருளும் ஏற்பாடு செய்தல், நாற்காலியை ஆயத்தம் செய்தல், பொருத்துதல், பயிற்சியளித்தல், பழுது பார்த்துத் தொடர்ந்து கவனித்தல். எட்டில் மேடையும் இல்லை. மாலையும் இல்லை என்பதைக் காண்க! பணவளம் குன்றிய நாடுகளை மனத்தில் வைத்தே அந்நெறிகள் எழுதப்பட்டன. ஆகவே "ஏழை நாட்டுக்கு இதெல்லாம் ஆகுமா?" என்னும் பேச்சுக்கும் இடமில்லை.

வகுப்பறையில் நிற்கும் நமக்கு இதில் தனிக் கடமை ஒன்றும் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை, நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடைய பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை என்று 2016-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கு அந்தப் பிள்ளை வந்துவிட்டது; வாயிலில் சாய்தளமும் கட்டியாயிற்று. ஆனால் நாற்காலியின் முழுக்கை மேசையின் விளிம்பில் இடிக்கிறது. ஏட்டுக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு முழ இடைவெளி. எட்டி எட்டி எழுதுகிறது பிள்ளை; எழுத்து கோணுகிறது; "கையெழுத்து சரியில்லை" என்று சிவப்பு மையில் எழுதப்படுகிறது. கோணியது எழுத்தா? கைதாங்கியா? அரைக்கைத் தாங்கி ஒன்றைப் பொருத்தியிருந்தால், அல்லது இருக்கும் தாங்கியைக் கழற்றி வைத்திருந்தால், அந்தச் சிவப்பு மைக்கு வேலையே இருந்திராது. கல்வி உரிமையைக் கதவு வரை கொண்டு வந்து, மேசைக்கு ஒரு முழம் முன்னே நிறுத்தி வைப்பதா சமத்துவம்?

சமத்துவம் என்பது எல்லாருக்கும் ஒரே நாற்காலி என்பதன்று. எல்லாரும் ஒரே மேசையருகே வந்தமர முடிவதே சமத்துவம். அதற்கு நாற்காலிகள் வேறுபட வேண்டும். கைகள் ஏற வேண்டும், இறங்க வேண்டும், மடங்க வேண்டும், தேவையானால் கழல வேண்டும். பொருள் மனிதருக்காக வளைய வேண்டும். மனிதர் பொருளுக்காக வளையலாகாது. பிறப்பின் பெயரால் வகுத்து வைத்த படிகளில் மனிதரைப் பொருத்திப் பார்த்த கொடுமையை எதிர்த்து எழுந்தது நம் இயக்கம். இரும்புக் குழாயின் பெயரால் அதே கொடுமை நுழைய இடங்கொடுக்கலாமா?

தோழர்களே! அடுத்த விழாவுக்கு நாள் குறிக்குமுன் ஒரு வேலை செய்வோம். அளவு நாடா ஒன்று வாங்குவோம். இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, பெறப்போகிறவரின் வீட்டுக்கு நாம் செல்வோம். அவரை மேடைக்கு அழைக்க வேண்டா. அவர் வீட்டு வாயிலின் அகலத்தை அளப்போம். கட்டிலின் உயரத்தை அளப்போம். முழங்கையின் உயரத்தை அளப்போம். எல்லாவற்றுக்கும் முன்னே, "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்போம், கேட்டு முடிக்கும் வரை வாய் மூடி இருப்போம். நாற்காலி வந்ததும் ஒரு முறை, வாரங்கள் சில சென்றதும் மறுமுறை, திருகாணியைத் திருகிப் பார்ப்போம்.

படம் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள், வராவிட்டால் போகட்டும். அந்த வீட்டில் ஒருவர், தோளை உயர்த்தாமல், முதுகைக் குனியாமல், எவரையும் துணைக்கு அழைக்காமல், தம் கைதாங்கியைத் தாமே மடக்கிவிட்டுக் கட்டிலுக்கு நகர்ந்து கொள்வார். அன்றுதான் நாம் கை கொடுத்தவர்கள் ஆவோம்.